உலைக்காரரின் வரிப் பிடித்தம்

அம்மா இறந்த அன்று வந்த தொழிலாளர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியவில்லை. சம்பளத்தை வெட்டுகிறவள் என்பதால் “கத்தரி அக்கா” என்றுதான் சொன்னார்கள். இரும்பு வார்க்கும் ஆலையின் சம்பளப் பிரிவில், கம்பி வைத்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லோர் சம்பளத்திலும் வருமான வரி பிடித்தவள். திட்டு வாங்கியே பழகிப்போன காது.

ஒரு சம்பள நாள் மதியம், இரும்பு உருக்கும் உலையில் வேலை பார்த்த உலைக்காரர் ஒருவர் அந்த ஜன்னலுக்கு வந்து சம்பளச் சீட்டை நீட்டினார்.

“அக்கா, தலைமுடியை வெட்டுவீங்கன்னு பார்த்தா கழுத்தையே வெட்டிட்டீங்களே. பாதிச் சம்பளத்தைக் காணோம். சாயங்காலம் பணம் கட்டினாத்தான் நாளைக்கு வீட்டுக்காரிக்கு வயித்துக் கட்டி ஆபரேஷன்.”

அம்மா திரையைப் பார்த்தாள். நிலுவையில் இருந்த ஓவர்டைம் பணம் மொத்தமும் அந்த மாதம்தான் அவருக்கு வந்திருந்தது. அதை ‘ஒரு முறை மட்டும்’ என்ற கட்டத்தில் போட வேண்டும். அம்மா மாதச் சம்பளத்தோடு சேர்த்துப் போட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் என்ன கண்டது? மாதாமாதம் இவ்வளவு வாங்குகிறார் என்று நம்பி, பன்னிரண்டால் பெருக்கி, பெரிய சம்பளக்காரருக்கான வரியைப் பிடித்துவிட்டது.

“தப்பு என்னுது தம்பி. பேங்குக்குப் பட்டியல் இன்னும் போகல. உங்க பேரை மட்டும் எடுத்துட்டு மத்தவங்களுக்கு அனுப்பிடறேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டா உங்களோடதைத் திருத்தி அனுப்பலாம். போடலைன்னா இன்னிக்கு உங்களுக்கு ஒத்தைக் காசு வராது.”

“சீக்கிரம் அக்கா, பேங்க் மூடிடும்!” வரிசையில் யாரோ கத்தினார்.

உலைக்காரர் சீட்டை ஜன்னலுக்குள் தள்ளினார். “பாதிப் பணத்துக்கு ஆஸ்பத்திரியில சேர்க்க மாட்டாங்க. பேரை எடுங்க.”

எடுத்தாள். மற்றவர்களுக்கு அனுப்பினாள். மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

“அடுத்த மாசம் கழிச்சுக்கலாமேம்மா. கூடப் பிடிச்ச வரி எங்கே போயிடும்?”

“கணக்கு அடுத்த மாசம் நேராயிடும் சார். அவர் சம்சாரம் வயித்துல இருக்கிற கட்டி பொறுக்குமா?”

“யார் பண்ணின தப்பு?”

“நான்தான் சார்.”

“எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தாள். அந்த வருட ஊதிய உயர்வு அதோடு போயிற்று. மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

திருத்திய பட்டியல் போனது. பேங்க் ஏற்றுக்கொண்டதா என்று திரை சொல்லவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வரிசை கலைந்துவிட்டது. கம்பிக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் உலைக்காரர்.

அவர் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார்: கணக்கில் பணம் ஏறிவிட்டதாக பேங்கின் செய்தி. தலையில் இருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலைப் பார்த்து ஓடினார்.