பாஸ்குவால் எழுப்பிய மந்தை

என் அக்கா எர்லிந்தாவின் வீட்டுக்காரர் பாஸ்குவாலுக்கு ஆடு மேய்ப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. தொர்ரெயோன் நகரத்துக்குக் கிழக்கே, வருஷத்தில் பாதி நாள் மணல் மட்டும் ஓடுகிற எங்கள் ஆற்றோரத்தில், எல்லோருடைய வெள்ளாடுகளும் ஒரே சமயத்தில்தான் ஈனும். எல்லோருக்கும் பால் இருக்கும்போது பாலுக்கு மதிப்பில்லை. பால் கேட்டு ஆள் வரும்போது ஒருவரிடமும் இருக்காது. மச்சானுக்கு இது நெடுநாள் எரிச்சல்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் ஒரு வழி சொன்னார்கள். வசந்தத்தில் கிடாக்கள் மந்தமாகிவிடும். அதனால்தான் பெட்டைகளும் பருவத்துக்கு வருவதில்லை. குளிர்காலம் முழுக்கக் கிடாக்களுக்கு விளக்கு போட்டு, பகல் நீளமாக இருப்பதுபோல் ஏமாற்றினால் வசந்தத்தில் அவற்றுக்கு வெறி வரும். வாசம்கூடப் படாமல் ஒதுக்கி வைத்த பெட்டைகளுக்குள் அப்போது விட்டால், அவையும் விழித்துக்கொண்டு, ஊரில் பால் இல்லாத நேரத்தில் ஈனும்.

மச்சான் கிடாத் தொழுவத்தில் விளக்கு மாட்டினார். பக்கத்து மந்தைக்காரர் சிரிலோ வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "என்ன பாஸ்குவாலு, உன் கிடாவெல்லாம் பரீட்சைக்குப் படிக்குதா?"

"ஆமாப்பா. நீ பெயிலானதையெல்லாம் அதுங்க பாஸ் பண்ணும்."

ஏப்ரலில் கிடாக்களின் மொச்சை நாற்றம் தெருமுனை வரை வீசியது. மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"குளிக்காம உள்ள வராதீங்க. இல்லேன்னா அங்கயே அதுங்களோட படுத்துக்குங்க."

"அதுங்க என்னைச் சேத்துக்க மாட்டேங்குதுடி" என்று மச்சான் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கிடாக்களை உள்ளே விட்டார். சில நாளிலேயே பெட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு கத்தத் தொடங்கின. மே முடிவதற்குள் அநேகமாக மொத்த மந்தையும் சினை. சிரிலோவே வந்து பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

ஜூனில் வரவேண்டிய மழை வரவில்லை. ஜூலையிலும் வரவில்லை. அணையில் தண்ணீர் இல்லாததால் வயல்களில் யாரும் விதைக்கவில்லை. மேய்வதற்கு அறுவடைத் தாள்கட்டையும் இல்லை. கருவேல நெற்றுகள் எப்போதோ தீர்ந்துவிட்டன. மச்சான் தினமும் சப்பாத்திக்கள்ளியை வெட்டி, முள்ளைத் தீயில் பொசுக்கிப் போட்டார். அது வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. பெட்டைகளின் முதுகெலும்பு துருத்திக்கொண்டு வர, வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போனது.

நான் ஓட்டுநராக வேலை பார்த்த மாட்டுப் பண்ணையில் குதிரைமசால் தீவனக் கட்டுகள் மலைபோல் இருந்தன. மேற்பார்வையாளரிடம் கெஞ்சினேன்.

"இன்னிக்கு உனக்குக் குடுத்தா, நாளைக்கு ஊரே வாசல்ல நிக்கும்யா" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. லாரியில் சிந்திய தழையைக் கூட்டிச் சாக்கில் கொண்டுபோனேன். மந்தைக்கு அது ஒரு வாய்க்குக்கூடக் காணவில்லை.

ஒருநாள் காலையில் போனபோது மச்சான் தொழுவத்தில் குந்தியிருந்தார். முன்னால் மயிர்கூட முளைக்காத ஒரு குட்டி கிடந்தது. தாய் அதை நக்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் இன்னும் இரண்டு. அதற்குப் பிறகு விடிந்தால் இதே பாடு. கால்நடை வைத்தியர் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்து, நோய் எதுவும் இல்லை என்றார்.

"பட்டினி. தன் உசுரையே காப்பாத்த முடியாதது, வயித்துல இருக்கிறதை எப்படிங்க காப்பாத்தும்?"

சிரிலோவின் ஆடுகளும் மெலிந்துதான் கிடந்தன. ஆனால் அவற்றின் வயிற்றில் குட்டி இல்லை, அதனால் தாங்கின.

"மழை வராததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று அக்கா அவர் தோளைத் தொட்டாள். "எந்திரிங்க, ரெண்டு ரொட்டியாவது தின்னுங்க."

"மழைக்கு நான் என்ன பண்ணுவேன், சரிதான். சும்மா கெடந்ததை எழுப்பினது யாருடி? நான்தானே?"

 

செப்டம்பரில் உயிரோடு பிறந்த குட்டிகள் கொஞ்சம்தான். தாய்களின் மடியில் பால் இல்லை. அக்கா பால்மாவைக் கரைத்துப் புட்டியில் ஊட்டினாள். பாதி அவள் மடியிலேயே செத்தன. மச்சான் கிடாக்களையும் பிழைத்த பெட்டைகளையும் கசாப்புக்காரனுக்கு ஏற்றிவிட்டார். ஏழெட்டை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

லாரி போன மறுவாரம் மழை வந்தது. விடாமல் பெய்தது. வெறும் மண்ணாய்க் கிடந்த கரையெல்லாம் புல் முழங்கால் உயரம் எழும்பியது.

சிரிலோ தன் மந்தையோடு வேலியருகே வந்து நின்றார். இந்தத் தடவை கேலி பேசவில்லை.

"பாஸ்குவாலு, உன் பக்கத்துல கொஞ்சம் மேய விடட்டுமா? தப்பா நெனச்சுக்காத."

மச்சான் வேலிப் படலைத் திறந்துவிட்டார். "விடுப்பா. எதாவது தின்னா சரி."