மூன்றாம் அறையில் பேசிய குறிப்பு

நம்புவதும் நம்பாததும் படிப்பவர் இஷ்டம். ஆனால் இது நடந்தது. அதியமான்கோட்டையைத் தாண்டி நல்லம்பள்ளி போகிற வழியில், புளி மூட்டை அடுக்கி வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில், சித்திரை வெயில் கொளுத்திய ஒரு சனிக்கிழமை மதியம் நடந்தது. அன்று உள்ளே இருந்தவள் சுகுணா. இருப்பைச் சரிபார்க்கும் வேலையில் எட்டு வருடமாக இருக்கிறவள். பேய் என்றால் சிரிக்கிற ஆள்.

அதுவரை அவள் குறிப்பெடுத்தது காகிதத்தில். குளிரில் பேனா எழுதாது, தாளும் நமத்துப்போகும். அதனால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்துதான் எழுதுவாள். எழுதும் அட்டையைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவாள். அட்டை தொங்கினால் உள்ளே ஆள் உண்டு என்று அர்த்தம். சுமைதூக்கும் ஆட்கள் யாரும் அந்தக் கதவைத் தொட மாட்டார்கள். அப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை. பழகிப்போன வழக்கம், அவ்வளவுதான்.

அந்த வாரம் குறிப்பெடுக்கக் கைபேசி வந்தது. பேசினால் போதும், அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும். உள்ளே சிக்னல் இல்லாவிட்டாலும் எழுதும். சிக்னல் கிடைத்ததும் அலுவலகக் கணினிக்குப் போய்விடும். மேலாளர் சிவக்குமார் அட்டைகளை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

சுமைதூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி தீர்த்தகிரி. அவர் கைபேசியை எட்டிப் பார்த்தார்.

"பேசப் பேச எழுதுதாம்மா? எங்க வூட்டுக்காரி கையில மட்டும் குடுத்துடாதீங்க. ஒரே நாள்ல நெறஞ்சிரும்."

"அண்ணி கிட்டயே சொல்றேன், இருங்க."

"அய்யோ, சோறு கெடைக்காதும்மா!"

அன்று அரை நாள் வேலை. ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக மூன்றாம் அறை பாக்கி. வெளியே மண்டை பிளக்கும் வெயில், உள்ளே நாலு டிகிரி. சுகுணா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, கைபேசியைப் பார்த்துப் பேசியபடியே உள்ளே போனாள்.

"முதல் வரிசை சரியா இருக்கு. ரெண்டாவது வரிசையில மூட்டை கிழிஞ்சிருக்கு..."

டக்.

கனமான கதவு. வெளித்தாழ்ப்பாள் விழும் சத்தம். அடுத்த நொடி விளக்கும் அணைந்தது. அதன் சுவிட்ச் வெளியேதான் இருக்கிறது.

கைப்பிடியில் அட்டை இல்லை. தீர்த்தகிரி வழக்கம்போலப் பூட்டிவிட்டார்.

"தீர்த்தகிரிண்ணா!"

கதவுக்கு ஓடித் தட்டினாள். அரை அடி கனத்துக்குத் தெர்மக்கோல் அடைத்த கதவு. அவள் தட்டியது அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. உள்ளிருந்து தள்ளித் திறக்க ஓர் இரும்புப்பிடி உண்டு. துருவேறி இறுகிப்போயிருந்தது. தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை.

கைபேசியில் சிக்னல் இல்லை. மணி 1:42. இனி இந்தக் கதவைத் திறப்பது திங்கட்கிழமை காலையில். பருத்திப் புடவையும் ஒரு ஸ்வெட்டரும் அதுவரை உயிரைப் பிடித்து வைக்காது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

டார்ச்சைப் போட்டாள். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. உடனே அணைத்தாள். திரை வெளிச்சம் மட்டும் மிச்சம். குறிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்தியதுகூட எழுத்தாக நின்றது.

தீர்த்தகிரிண்ணா.

அதன் கீழே இன்னொரு வரி.

கத்தாத.

சுகுணா அதை உற்றுப் பார்த்தாள். குளிர்காற்று விசிறியின் இரைச்சலை இது ஏதோ சொல்லாக எடுத்துக்கொண்டது போல என்று நினைத்தாள். ஒலி வாங்கும் ஓட்டையை விரலால் அடைத்தாள். எழுத்து வரவில்லை. விரலை எடுத்தாள்.

யாருக்கும் கேக்காது.

விசிறியைத் தவிர அறையில் ஒரு சத்தமும் இல்லை. சத்தியமாக இல்லை.

"யாருங்க உள்ள?" என்று கேட்டாள்.

நான்தான்.

"எங்க இருக்கீங்க?"

பின்னால. இங்க கதகதப்பா இருக்கு. வா.

முதுகைக் கதவோடு ஒட்டிக்கொண்டாள். பல் கிட்டியது. விரல்கள் மரத்துப்போயின.

"நான் வரல."

திரையைப் பார்த்தாள்.

ஒரே சொல்.

வந்துட்ட.

டார்ச்சைப் போட்டாள்.

எதிரே சுவர். அறையின் கடைசிச் சுவர்.

முதுகுக்குப் பின்னால் கதவு இல்லை. மூட்டைகள்.

அவள் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

அங்கே...

கதகதப்பாக இருந்தது.

கைபேசி நழுவியது. இருட்டில் மூட்டைகளைத் தடவிக்கொண்டே ஓடினாள். வரிசை முடியவில்லை. திரும்பினாள். மறுபடி மூட்டை. மறுபடி மூட்டை. மறுபடி...

வெளிச்சம்.

இண்டூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஒரு லோடு வந்திருந்தது. இறக்க இடம் பார்க்கத் தீர்த்தகிரி கதவைத் திறந்திருந்தார். மணி 2:20.

"ஐயய்யோ, சுகுணாம்மா! உள்ளயா இருந்தீங்க? அட்டையக் காணோமேன்னு..." அவளைத் தாங்கி வெயிலில் உட்கார வைத்தார்.

"போன் உள்ள கெடக்குதுண்ணா."

"எடுத்தாரட்டுங்களா?"

"வேணாம். சாத்துங்க. மொதல்ல கதவச் சாத்துங்க."

சாத்தினார். லோடை இரண்டாம் அறையில் இறக்கினார்கள்.

திங்கட்கிழமை தீர்த்தகிரி கைபேசியை எடுத்து வந்தார். செத்திருந்தது. சார்ஜ் ஏறியதும் குறிப்பு கணினிக்குப் போனது. சிவக்குமார் அவளைக் கூப்பிட்டார்.

"உங்ககூட இன்னொருத்தர் இருந்தாங்களா?"

"இல்லீங்க சார்."

"ரெண்டு கொரல் பதிவாயிருக்குதே."

குரலை வைத்து ஒவ்வொரு வரிக்கும் பெயர் போடுவது கணினியின் வேலை. அதற்காகத்தான் முதல் நாளே ஊழியர்கள் எல்லோரையும் சில வரிகள் படிக்க வைத்துக் குரலைப் பதிந்திருந்தார்கள். சிவக்குமார் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

மூட்டைக் குறிப்புகளில் சுகுணா என்றே இருந்தது. கதவு விழுந்த பிறகு வந்த வரிகளைப் படித்தாள்.

அடையாளம் தெரியாதவர்: யாருங்க உள்ள?

சுகுணா: நான்தான்.

அடையாளம் தெரியாதவர்: நான் வரல.

சுகுணா: வந்துட்ட.

"பேர மாத்திப் போட்டிருக்குது சார். நான் பேசினதுக்குத்தான் தெரியாதவர்னு வந்திருக்கு."

"மிஷின் தப்பா இருக்கும். இப்ப உங்க பேரச் சொல்லுங்க, பாக்கலாம்."

சொன்னாள். கணினி எழுதியது.

அடையாளம் தெரியாதவர்: என் பேரு சுகுணா.

சிவக்குமார் சிரிக்க முயன்றார். பிறகு சனிக்கிழமைக் குறிப்பின் அடிவரைக்கும் திரையை நகர்த்தினார். அதற்குமேல் சிரிக்கவில்லை. கடைசி வரி பதிவான நேரம் 2:31. அவள் வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தாள். கதவு மூடியிருந்தது.

சுகுணா: தீர்த்தகிரிண்ணா, சாத்தாதீங்க. நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்.