தடித்த மஞ்சள் கோடு

இனிப்புநீர் வியாதி என் கணவரின் கண்களை முதலில் கெடுத்தது. பிறகு சிறுநீரகத்தைப் பிடித்தது. கிளினிக்கில் தரும் இரத்தப் பரிசோதனை எண்களை, வேலையிடத்தில் கொடுத்த மடிக்கணினியில் வரைபடமாக்கி அவரிடம் காட்டுவேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்க எனக்கு இப்படி எண்களை வரைபடமாக்குகிற வேலைதான்.

"என்னடி இது, எறும்பு ஊருற மாதிரி? ஒன்னும் தெரியல லா."

"நான் படிச்சுச் சொல்றேங்க."

"நீ நல்லதா பாத்துதான் படிப்ப. நானே பாக்கணும்."

பிடிவாதம்! இன்னும் எவ்வளவு காலம் என்பதை அடுத்தவர் வாயால் கேட்க அவருக்கு இஷ்டமில்லை.

கடுப்போடு உட்கார்ந்து, அவர் கண்ணுக்கென்றே ஒரு தோற்றத்தை நிரலாக எழுதினேன். கறுப்புப் பின்னணி, மஞ்சள் கோடு, கட்டைவிரல் அளவுக்குப் பெரிய எண்கள். "இன்னும் தடியா, இன்னும்" என்று பக்கத்திலிருந்து உயிரை வாங்கினார். ஒவ்வொரு முறையும் அந்தத் தோற்றத்தைக் கேட்டு எழுத வேண்டாமென்று, எந்த வரைபடம் போட்டாலும் தானாக இந்தத் தோற்றமே வரும்படி ஒரு வரியையும் எழுதி வைத்தேன்.

திரையில் மூக்கு முட்டப் பார்த்தார். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினார். விரல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

"இறங்குது லா," என்றார். திரையிலிருந்து விரலை எடுத்தார். "சரி. இந்த டுரியான் சீசனுக்கு பாலிக் புலாவ் தோட்டத்துக்குப் போயிடுவோம். ஒரே ஒரு சுளை."

டுரியான் பழத்தின் இனிப்பு அவருக்கு ஆகவே ஆகாது. வாய் வலிக்கத் திட்டினேன். ஆனாலும் போனோம். அரைச் சுளை கொடுத்தேன், விரலையெல்லாம் சப்பினார் பாவி. அடுத்த சீசனுக்கு அவர் இல்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம், கூட்டத்தில் பழுதான பொருள்களின் வரைபடத்தைத் திரையில் போட்டேன். சுவர் முழுக்கக் கறுப்பு, நடுவில் தடித்த மஞ்சள் கோடு. இவ்வளவு பெரிதாக யாருக்கு என்று மேலாளர் சிரித்தார். தப்பாகக் கேட்கவில்லை, அவருக்கு என்ன தெரியும். நான் எண்களை வாசிக்கத் தொடங்கினேன்.

இப்போது அலுவலக வரைபடம் ஒவ்வொன்றிலும், சாதாரண வெள்ளைத் தோற்றத்தைக் கேட்டு ஒரு வரி சேர்க்கிறேன். பக்கத்து மேசைக்காரி பார்த்துவிட்டாள்.

"ஏங்க்கா ஒவ்வொன்னுலயும் எழுதிக்கிட்டு? அந்தப் பழைய வரிய அழிச்சா முடிஞ்சிச்சு லா."

"தெரியும்மா," என்றேன்.

அதை அழித்தால், அவரால் பார்க்க முடிகிற படம் எதுவும் இனி இந்தக் கணினியில் வராது.