சார்தான் முடிவு செய்தார்

பொறியாளர் உரிமத்துக்கான நேர்முகத்தில் தோற்றுவிட்டேன் என்று சொன்னதும் சார் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கையிலிருந்த தே தாரிக் தேநீர் வெள்ளைச் சட்டையில் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். "நான் அப்பவே சொன்னேன் லா, அந்த ஊரு டிகிரிய வச்சி இட்லிக் கடைதான் போடலாம்" என்றார். செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். இவர் உயிரோடு இருக்கிறார். ஆகவே உள்ளதைச் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் சிவில் படித்துவிட்டு, கடல் தாண்டி சொந்த ஊரான ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பியவள் நான். உரிமம் இல்லாமல் இங்கே ஒரு வரைபடத்திலும் கையெழுத்துப் போட முடியாது. உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரின் கீழ் சில ஆண்டுகள் வேலை பார்த்து, அவர் சான்று தந்த பிறகே நேர்முகத்துக்குப் போகலாம். எனக்கு வாய்த்தவர் சார். லண்டனில் படித்தவர், நம் ஆள், கைதூக்கிவிடுவார் என்று அப்பா நம்பினார். அவரோ முதல் வாரமே ஒரு சட்டம் போட்டார். "பெரியவங்க இருக்கயில நான், நான்னு பேசாத. சார் சொன்னாருன்னு சொல்லு." நம் வீடுகளிலும் அதுதானே பழக்கம்? மரியாதை என்று நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கு கட்டினோம். அடித்தூண்களை அடிக்க அடிக்க அவை சேற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தன; கெட்டித் தரை தட்டவில்லை. சார் கோல்ஃப் மைதானத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. நான் வேலையை நிறுத்தினேன். ஒப்பந்தக்காரர் கத்தினார், நான் அசையவில்லை. கணக்கை மறுபடி போட்டு, நீளமான தூண்களைக் கேட்டு வாங்கினேன். அந்தக் கிடங்கு இன்றைக்கும் நிற்கிறது.

நேர்முகத்தில் இதைத்தான் தோண்டினார்கள். வேலையை நிறுத்தச் சொன்னது யார்? நீளத்தை முடிவு செய்தது யார்? "சார்தான்" என்று என் வாய் தானாகச் சொன்னது. எதைக் கேட்டாலும் சார்தான். கடைசியில் குழுவிலிருந்த மூத்த சீனர், உங்கள் சாரிடம் ஏற்கெனவே உரிமம் இருக்கிறதே அம்மா என்றார். நான் பணிவு காட்டுவதாக நினைத்தேன். பொறுப்பேற்கத் தெரியாதவள் என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். செய்த வேலை முழுவதும் என்னுடையது. என் வாயாலேயே அதைத் தாரை வார்த்துவிட்டு வந்தேன்.

மறுபடி சான்று தர சார் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். இரண்டாம் முறை போனபோது, 'நான்' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் தப்பு செய்வதுபோல் உடம்பு கூசியது. சொன்னேன். உரிமம் கிடைத்த அன்றே வேலையை விட்டேன்.

போன மாதம் டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு கல்யாணம்; சாரும் வந்திருந்தார். இப்போது எனக்குச் சொந்த அலுவலகம், அவருக்குக் கைத்தடி. மாப்பிள்ளை வீட்டார் நடுவில் என் தோளைத் தட்டி, "என் கிட்ட வளந்த பொண்ணு, இதுக்கு லைசன்ஸ் வாங்கிக் குடுத்ததே நான்தான்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆமாம் என்று நான் சொல்வதற்காக. நான் சொல்லவில்லை. அவர் கை என் தோளிலேயே கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு தானாக இறங்கியது.

காரில் அம்மா வருத்தப்பட்டார். "வயசானவரு லா. ஒரு வார்த்த ஆமான்னு சொன்னா கொறஞ்சா போயிருவ?"

"ஆமாம்மா," என்றேன். "கொறஞ்சி போயிருவேன்."