எடிசன் கராஜில் ஒரு பிரெஞ்சுப் பதிப்பகம்

வான்மதி புதுச்சேரிக்காரர். அப்பா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் வீட்டில் தமிழும் பிரெஞ்சும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கின. பிரெஞ்சில் எம்.ஏ. முடித்து உள்ளூர்க் கல்லூரியில் சில வருஷம் பாடம் நடத்தினார். 1990இல் கணவர் சந்தானம், மகள் தென்றலோடு நியூஜெர்சிக்கு வந்தார். சந்தானம் டெலிகாம் இன்ஜினியர். எடிசனில் வீடு.

கிரீன் கார்டு வரும்வரை வான்மதி வேலைக்குப் போக முடியாது. சும்மா இருக்கவும் அவருக்குத் தெரியாது. பக்கத்து ஊர் நூலகத்தில் வாரம் ஒருமுறை பிரெஞ்சுப் புத்தகம் வாசிக்கும் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். பிரான்ஸிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேராவது வருவார்கள் என்று நினைத்தார். வந்தவர்கள் எல்லோருமே, பிரெஞ்சு வழங்கும் கரீபியன் நாடான ஹைத்தியைச் சேர்ந்தவர்கள். டாக்சி ஓட்டுபவர்கள், ஹோட்டலில் வேலை செய்பவர்கள். அவர்களில் யோலாந்த் என்ற பெண், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடும் வேலையில் இருந்தார். ஒருநாள் தயங்கித் தயங்கி, தான் பிரெஞ்சில் எழுதிய நாவலை வான்மதியிடம் நீட்டினார்.

கணவர்கள் வேலை தேடிக் கடல் கடந்த பிறகு ஒரு தெருப் பெண்கள் சேர்ந்து நடத்தும் வாழ்க்கைதான் கதை. வான்மதி ஒரே மூச்சில் படித்தார். பாரிஸில் ஒரு பதிப்பாளர் இதைப் போட ஒப்புக்கொண்டதாகவும், ஆனால் ஹைத்திப் பேச்சுச் சொற்களையெல்லாம் எடுத்துவிடச் சொன்னதாகவும் யோலாந்த் சொன்னார். அந்தச் சொற்கள் போனால் கதையில் வரும் தன் அம்மா வாயைத் திறக்கவே முடியாது என்று மறுத்துவிட்டாராம். வான்மதிக்கு அது சுருக்கென்று தைத்தது. கல்லூரியில் வருகைப் பேராசிரியர் ஒருவர், வான்மதியின் அப்பா பேசிய பிரெஞ்சைக் கேட்டுவிட்டு எல்லோர் முன்னாலும் சிரித்தது ஞாபகம் வந்தது.

கிரீன் கார்டு கைக்கு வந்த மாதமே பதிப்பகம் ஆரம்பிக்கப் போவதாக வீட்டில் சொன்னார். சந்தானம் நம்பவில்லை.

"எடிசன்ல உக்காந்துகிட்டு பிரெஞ்சு புக் போட்டா யாரு வாங்குவா?"

"ஹைத்திக்காரங்க இங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. அவங்களுக்குன்னு யாரும் போடலையே" என்றார் வான்மதி.

புதுச்சேரியிலும் ஹைத்தியிலும் ஒன்றுபோலப் பூக்கும் மஞ்சள் பூவின் பெயரைப் பதிப்பகத்துக்கு வைத்தார்: அலமாந்தா. கராஜிலிருந்து ஒரு காரை வெளியே நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரும் மேஜையும் போட்டார். பக்கங்களை அவரே வடிவமைத்தார். சந்தானம் எட்டிப் பார்ப்பதோடு சரி. தென்றலுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வெளியே நனையும் காரைத் தோழிகள் கேலி செய்கிறார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

1995 வசந்தத்தில் புத்தகம் தயாரானது. ஞாயிற்றுக்கிழமை ஹைத்திக்காரர்களின் சர்ச் ஹாலில் வெளியீடு. முந்தின நாள் காலையில்தான் அச்சகத்திலிருந்து பெட்டிகள் வந்தன. முதல் பிரதியை எடுத்துப் பார்த்த வான்மதி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

'அம்மாக்களின் கோடை' என்று பொருள்படும் அந்தத் தலைப்பைப் பிரெஞ்சில் எழுதினால் மூன்று எழுத்துகளின் மேல் சின்னச் சாய்கோடுகள் வர வேண்டும். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. அட்டையில் மட்டும் மூன்றும் மொட்டையாக நின்றன. அச்சகத்துக்குப் போன் செய்தார். அட்டையை மாற்றித் தருகிறோம், ஆனால் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். யோலாந்த் நியூயார்க்கிலிருந்தும் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டிருந்தார். பிரெஞ்சு எழுதத் தெரியாதவர்கள் என்று சிரிப்பதற்கு இதுவே போதும் என்று வான்மதி அழுதார்.

சந்தானம் ஒரு பிரதியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துகள் கறுப்பு, அட்டை வெளிர் மஞ்சள். கடைக்குப் போய் அழியாத கறுப்பு மையில் மெல்லிய பேனாக்கள் வாங்கி வந்தார். "எந்தப் பக்கம் சாயணும்னு மட்டும் சொல்லு. நான் போடறேன்."

மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் யோலாந்தும் வந்து சேர்ந்தார். முதல் இரண்டு கோடுகள் ஒரு பக்கம், மூன்றாவது மறுபக்கம்.

"திஸ் ஒன் லீன்ஸ் லெஃப்ட், ரைட்?" என்று தென்றல் கேட்டாள்.

"ஆமா, அது மட்டும்தான்" என்றார் வான்மதி. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அப்பா தப்பாகப் போட்டதைக்கூட அவள்தான் கண்டுபிடித்தாள். அந்தப் பிரதியை யோலாந்த் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் சர்ச் ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. டாக்சி ஓட்டும் ஒருவர் நடுப்பக்கத்தில் ஏதோ ஒரு மீனின் ஹைத்திப் பெயரைப் பார்த்துவிட்டுச் சத்தமாக வாசித்தார். அதைச் சமைக்கும் விதம் பற்றிப் பின்வரிசையில் விவாதம் தொடங்கிவிட்டது. கூட்டம் கலையும்போது மேஜையில் விளம்பரத் தாள்கள்தான் மிச்சம். வீட்டுக்குத் திரும்பும் வழியில், அடுத்த புத்தகம் யாருடையது என்று சந்தானமே கேட்டார்.

அடுத்தது ஒரு சிறுகதைத் தொகுப்பு. அதற்கடுத்து, புதுச்சேரியில் வாழும் ஒருவர் பிரெஞ்சில் எழுதிய கவிதைகள். யோலாந்தின் நாவலை ஒரு கல்லூரி பாடமாக வைத்தது. காரை மறுபடி கராஜுக்குள் விடும் பேச்சே எழவில்லை.

2001 கோடையில் சந்தானத்தின் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. அவர் வேலையும் போனது. நான்காவது புத்தகமாகத் தயாராகிக்கொண்டிருந்த நாவலை நிறுத்தி வைக்கலாம் என்று வான்மதி முடிவு செய்தார். சந்தானம் ஒப்பவில்லை.

"அந்த புக்கை நிறுத்தாத. வேற வேலைக்கு அப்ளை பண்ணிட்டுதான் இருக்கேன். அதுவரைக்கும் டெலிவரி நான் பாத்துக்கறேன்" என்றார்.

வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புரூக்ளின் வரை போனார். ஹைத்தி மளிகைக் கடைகள், சலூன்கள், கல்லூரிக் கடைகள் எதையும் விடவில்லை. பிரெஞ்சில் நலம் விசாரிக்கவும் நன்றி சொல்லவும் மட்டும் கற்றுக்கொண்டார். கல்லூரி விடுமுறைக்கு வந்த தென்றல், அந்த நாவலின் பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள்.

அது வெளிவந்த வாரம், ஒரு மளிகைக் கடையிலிருந்து சந்தானம் போன் செய்தார். கொண்டு போனதெல்லாம் தீர்ந்துவிட்டதாம், கடைக்காரர் இன்னொரு பெட்டி கேட்கிறாராம். அதோடு, அந்தக் கடைக்காரரின் தங்கையும் ஏதோ எழுதி வைத்திருக்கிறாளாம்.

"வாங்கிட்டு வாங்க" என்றார் வான்மதி.