வெட்டுப்படாத சிவராசா

சிவராசாவின் நித்திரைக்கு ஒரு நேரசூசி இருந்தது. காலை ஆறு மணிக்கு மாத்தளை பஸ் நிலையத்தில் கலேவெல பஸ் ஏறுவார். இடப்பக்கம் மூன்றாவது சன்னலோர இருக்கை அவருடையது. வடக்கே போகிற பஸ்ஸில் காலை வெயில் வலப்பக்கத்தையே தாக்கும் என்பது பதினொரு வருட அவதானிப்பில் அவர் கண்டடைந்த உண்மை. உட்கார்ந்ததும் பத்திரிகையை விரிப்பார். அரிசி விலையைப் பற்றிக் கவலைப்படுவார், பக்கத்தில் இருப்பவரையும் கவலைப்பட வைப்பார். பஸ் அலுவிகாரையை நெருங்கும்போது பத்திரிகை நாலாக மடியும். தரிப்பிடம் கண்ணில் பட்ட மறுகணம் ஆள் நித்திரை.

அது சாதாரண நித்திரையல்ல. தலை கண்ணாடியில் சாயும். வாய் ஒரு விரற்கடை திறந்துகொள்ளும். ஏறுகிறவர் நிறைமாதக் கர்ப்பிணி என்றால் மெல்லிய குறட்டையும் சேரும். ஏனென்றால் அலுவிகாரையில் ஏறுகிறவர்களுக்கு இருக்க இடம் கிடையாது, நிற்கத்தான் இடம்.

பழியை அவர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. அந்த பஸ்ஸில் கலேவெலக்கு வேலைக்குப் போகும் இருபது உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் அதே இடத்தில், அதே கணத்தில் மயங்கிச் சாய்வார்கள். வேறு நாடாக இருந்தால் யாராவது சுகாதாரப் பகுதிக்கு அறிவித்திருப்பார்கள். இங்கே கொண்டக்டர் றினோஸ் மட்டும், "மெதுவா ஏறுங்க, ஆக்கள் தூங்குறாங்க" என்று தரிப்பிடத்தைப் பார்த்துச் சத்தம் போடுவான்.

இப்படி ஓய்வெடுத்து உடம்பைப் பேணிய சிவராசா, கலேவெலயில் ஓர் அரச அலுவலகத்தின் பிரதம இலிகிதர். அங்கே அலுவலாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் பதில் பெரும்பாலும் 'நாளைக்கு வாங்க' என்பதுதான். வயது ஐம்பத்திரண்டு. வாழ்க்கையில் அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது. சமாதான நீதவான் ஆகவேண்டும். பெயருக்குப் பின்னால் ஜே.பி. என்று இரண்டெழுத்து, மேசையில் ஒரு சீல், போட்டோ கொப்பிகளில் ஒப்பமும் சீலும் வாங்க வாசலில் நாலு பேர். இவ்வளவும் கிடைத்தால் மாத்தளையில் அவர் வாழ்ந்த இருபத்தாறு வருடமும் வீண்போகவில்லை என்றாகும். விண்ணப்பத்தை மூன்று பிரதிகளில் நிரப்பினார். ஒரு நிரலில் மட்டும் பேனா நின்றது. 'ஆற்றிய சமூக சேவை, ஆதாரத்துடன்.'

அந்த நேரத்தில்தான் வினோஜா வந்து சேர்ந்தாள். கலேவெலப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்க நியமனம் பெற்ற இளம் ஆசிரியை. முதல் நாளே பஸ்ஸின் கூட்டு மயக்கத்தைக் கண்டாள். அவள் யாரையும் ஏசவில்லை. புத்திமதி சொன்னால் நித்திரை இன்னும் ஆழமாகும் என்பது வகுப்பறையில் அவள் கற்ற பாடம். ஒரு மாதம் கழித்து எல்லாருடைய போனிலும் ஒரு லூடோ விளையாட்டை ஏற்றிவிட்டாள். ஒரு பலகைக்கு நாலு பேர், ஆளுக்கு இரண்டு காய். விதி ஒன்றே ஒன்று. காய் வெட்டுப்பட்டால் எழும்பி, நிற்கிற ஒருவருக்கு இடம் கொடுக்க வேண்டும். கொடுத்ததைப் போன் பதிந்துகொள்ளும்.

சூழ்ச்சி விதியில் இல்லை, விளையாட்டில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு லூடோ ஆட முடியாது.

இரண்டு கிழமையில் பஸ் விழித்துக்கொண்டது. வெட்டுப்பட்டவர் தலையில் கைவைத்து எழும்ப, அந்த இடத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி உட்கார, பஸ் கைதட்டியது. "வெட்டு! வெட்டு!" என்று கேட்ட சத்தத்தில் ஒருநாள் பலாபத்வலயில் பொலிஸ்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, அவரும் ஒரு காயை நகர்த்திவிட்டுப் போனார். பின் ஆசனத்தில் ஒரு பலகை, நடுவில் மூன்று பலகை என்று கருணை பரவிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கருணை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப்பேர் விலகியிருப்பார்கள்.

சிவராசா மட்டும் வெட்டுப்படவில்லை. வினோஜாவையும் வங்கியில் வேலை செய்யும் நிருஜனையும் கணித ஆசிரியர் ஹஸீபையும் மாறிமாறி வெட்டினார். அவர் தொட்டால் ஆறு விழுந்தது. சன்னலோரத்தில் அசையாமல் இருந்தபடியே நூற்றுநாலு நாளைக் கடந்தார். அன்று போன் தங்கநிறக் கரையிட்ட ஒரு சாதனைப் பத்திரத்தைக் காட்டியது. அதில் இரண்டு வரி. 'வெட்டுப்படாத நாட்கள்: 104. எழுந்து இடம் கொடுத்த தடவைகள்: 0.'

முப்பது வருட அரச சேவையில் சிவராசாவுக்குப் பூச்சியத்தின் மீது தனி மரியாதை உண்டு. தனிநபர்க் கோவையில் 'ஒழுக்காற்று நடவடிக்கைகள்' என்ற இடத்தில் பூச்சியம் இருந்தால் உயர்வு. 'சம்பளமற்ற விடுமுறை' என்ற இடத்தில் பூச்சியம் இருந்தால் இன்னும் உயர்வு. ஆகவே மனம் குளிர்ந்து, பத்திரத்தைப் பிரிண்ட் எடுத்து, லெமினேட் செய்து, 'இணைப்பு 7' என்று எழுதி விண்ணப்பத்தோடு கோத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிராம உத்தியோகத்தர் பவித்ரன் விண்ணப்பத்துக்கான அறிக்கை எடுக்க வீட்டுக்கு வந்தார். இளம் ஆள். எல்லாக் கடதாசியையும் வாசிக்கும் பழக்கம் இன்னும் விட்டுப்போகாதவர்.

"சேர், இந்த இணைப்பு ஏழு என்ன?"

"சமூக சேவை தம்பி. பஸ்ல சீட் குடுக்கிற திட்டம். நான் ஆரம்பகால உறுப்பினர்."

"நல்ல விசயம். ஆனா இடம் குடுத்த தடவைகள் பூச்சியம்னு இருக்கே?"

"பாத்தீங்களா! நூத்தி நாலு நாள்ல ஒண்ணு கூட இல்ல."

பவித்ரன் அந்த வரியில் விரலை வைத்தார். "அப்ப நூத்தி நாலு நாளும் நீங்க எழும்பவே இல்லையா சேர்?"

"ஒரு நாள் கூட..." என்று தொடங்கிய சிவராசா அப்படியே நின்றார். பூச்சியம் முதன்முதலாக அவருக்கு வட்டமான ஓட்டையாகத் தெரிந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி சரோஜினிதேவி பத்திரத்தை எட்டி வாசித்தார். "நான் இருபத்தாறு வருஷமா சொல்றது இப்பதான் எழுத்துல வந்திருக்கு."

"இதை இப்பிடியே அனுப்பினா மேல சிரிப்பாங்க சேர்," என்றார் பவித்ரன். "வேற சேவை ஒண்ணும் நீங்க போடவும் இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை வாறேன். புதுப் பிரிண்ட் ஒண்ணு எடுத்து வைங்க. ஒரு தடவை இருந்தாலும் போதும்."

ஐந்து வேலை நாள். ஒரே ஒரு வெட்டு. நீதவான் பதவிக்கும் அவருக்கும் இடையில் நின்றது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தன் காய்களைக் கொண்டுபோய் மற்றவர்களின் வாசலிலேயே நிறுத்தினார். யாருக்கும் உரிய எண் விழவில்லை. அவருக்கு மட்டும் ஆறாறாக விழுந்து காய்கள் தப்பி ஓடின. செவ்வாய்க்கிழமை வினோஜாவிடம் குனிந்தார்.

"மகள், அந்தப் பூச்சியத்த ஒண்ணா மாத்திவிட ஏலாதா?"

"ஏலாது சேர். நீங்க வெட்டுப்படணும்."

"நான் சும்மா எழும்பினா?"

"தாராளமா எழும்பலாம். ஆனா பதிவாகாது."

"பதிவாகாத சேவையால யாருக்கு மகள் பிரயோசனம்?" என்று உண்மையான துயரத்தோடு கேட்டார் சிவராசா.

வேறு வழியின்றி ஹஸீபின் காதில் போட்டார். "தம்பி, என்னைக் கொஞ்சம் வெட்டிவிடுங்க." ஏன் என்று ஹஸீப் கேட்டான். சொன்னார். அதுதான் பிழை. புதன்கிழமை காலையில் பஸ்ஸின் வாட்சப் குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தது: சேரை வெட்டுகிறவருக்கு மன்னிப்புக் கிடையாது. அன்றும் மறுநாளும் நிருஜனுக்குச் சரியான எண் விழுந்தும் அவன் மற்றக் காயையே நகர்த்தினான். "ஐயோ சேர், உங்கள வெட்ட மனசு வருதில்லையே!" என்றான் ஹஸீப். மனிதர்கள் இவ்வளவு இரக்கமாக இருப்பது சிவராசாவுக்கு அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முந்திய பஸ் எங்கோ பழுதாகிப்போக, அலுவிகாரையில் ஒரு பெருங்கூட்டமே ஏறியது. அதற்குள் வினோஜா, நிருஜன், ஹஸீப் மூவரும் வெட்டுப்பட்டு எழும்பி, அந்த இடங்களும் நிரம்பிவிட்டன. சிவராசாவின் ஒரு காய் வீடு சேர்ந்திருந்தது. மற்றது வீட்டுப் பாதைக்குள், வாசலுக்கு மூன்று கட்டம் முன்னால் நின்றது. அந்தப் பாதையில் யாரும் யாரையும் வெட்ட முடியாது. ஆக, அன்றும் அவர் தோற்கமாட்டார்.

அவர் பக்கத்தில் வந்து நின்றவர் மஸூதா. அலுவிகாரைக்காரி, எழுபதை நெருங்கும் வயது. தலையணை உறை தைத்து, பெரும்பாலான நாட்களில் கலேவெலக் கடைகளுக்குக் கொண்டுபோகிறவர். இடுப்பில் பெரிய பொதி. வலது காலில் புதிதாக ஒரு கட்டு.

"மூணு வேணும் மகன்," என்றார் போனை எட்டிப் பார்த்து. "மூணு விழுந்தா காய் ஊட்டுக்குப் போயிரும்."

"கால்ல என்ன?"

"வழுக்கி விழுந்தேன். அது கிடக்கட்டும், நீங்க ஆடுங்க. கட்டார்ல இருக்கிற மகளுக்கும் உங்களப் பத்திச் சொல்லியிருக்கேன்."

"என்னைப் பத்தியா? என்ன சொன்னீங்க?"

"எங்கட பஸ்ல ஒரு சேர் இருக்கார், பக்கத்துல யாரு நிண்டாலும் அசைய மாட்டார், அப்பிடி ஒரு கெட்டிக்காரர்னு."

முப்பது வருடமாக முறைப்பாட்டுக் கடிதங்களை வாசித்தவர் சிவராசா. குத்தல் எந்த வரியில் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடிப்பார். மஸூதாவின் முகத்தில் தேடித்தேடிப் பார்த்தார். குத்தல் இல்லை. முழுக்கமுழுக்கப் பாராட்டு. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பழைய வித்தையை நாடினார். தலையைக் கண்ணாடியில் சாய்த்தார், கண்ணை மூடினார், வாயையும் ஒரு விரற்கடை திறந்தார். மடியில் இருந்த போன் இனிமையான பெண் குரலில் சொன்னது: "சிவராசா, உங்கள் முறை." கொஞ்சம் பொறுத்து மீண்டும் சொன்னது: "சிவராசா, உங்கள் முறை."

சிவராசா எழும்பினார். எழும்பிப் பழக்கமில்லாத காரணத்தால் மேலே பொதி வைக்கும் தட்டில் தலை முட்டியது. "இருங்கம்மா," என்றார் உச்சந்தலையைத் தடவியபடி.

பஸ் முழுக்கத் தலைகள் திரும்பின. ஹஸீப்தான் பதறினான். "சேர், நீங்க வெட்டுப்படல்லையே! இது பதிவாகாது!"

"தெரியும் தம்பி."

"ஜேபி போயிரும் சேர்!"

"போகட்டும். முதல்ல அவங்கட பொதியைப் பிடிங்க."

மஸூதா காலை நீட்டி வசதியாக இருந்துகொண்டார். பிறகு கையை நீட்டினார். "அந்தப் போனத் தாங்க மகன். காய் நடுவழியில கிடக்குது, பாவம்." வாங்கினார். ஒரே தட்டுத்தான் தட்டினார்.

மூன்று.

போன் நாதசுரம் வாசித்தது. "வாழ்த்துகள் சிவராசா! வெட்டுப்படாத நாட்கள், நூற்று ஒன்பது. எழுந்து இடம் கொடுத்த தடவைகள், பூச்சியம்." பஸ்ஸில் எழுந்த சிரிப்பில் சாரதி கியரை மாற்ற மறந்தார். கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த சிவராசாவுக்கும் என்ன காரணமோ சிரிப்பு வந்தது. கலேவெல வரைக்கும் நின்றார். நின்றபடி பார்த்தால் வலப்பக்கத்துச் சன்னலும் தெரியும் என்பதைப் பதினொரு வருடத்தில் அன்றுதான் அறிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பவித்ரன் வந்ததும், அவர் கேட்பதற்கு முன்னரே சிவராசா கோவையைத் திறந்து இணைப்பு ஏழை உருவி எடுத்துக்கொண்டார்.

"புதுப் பிரிண்ட் இல்லையா சேர்?"

"இல்ல தம்பி. வெள்ளிக்கிழமை ஒரு அம்மாவுக்காக எழும்பி நிண்டேன். அதுக்குப் பத்திரம் இல்ல. நீங்க அந்த இடத்துல ஒண்ணும் எழுத வேணாம்."

"வெறுமையா விட ஏலாது சேர், படிவம் அப்பிடி. எங்க இருந்து எங்க வரைக்கும் நிண்டீங்க?"

"அலுவிகாரைல இருந்து கலேவெல."

"அம்மாடி, அவ்வளவு தூரமுமா?"

சரோஜினிதேவி கணவரைச் சந்தேகமாகப் பார்த்தார். "உண்மையாவா நிண்டீங்க?"

"முழங்கால் இன்னும் நோகுது."

"அப்ப உண்மைதான் தம்பி, எழுதுங்க."

பவித்ரன் நிரலில் தெளிவான கையெழுத்தில் எழுதினார்: 'பிறர் அமர்வதற்காக, அலுவிகாரை முதல் கலேவெல வரை நின்று பயணித்தவர்.'

விண்ணப்பம் போனது. பதில் எப்படியும் வராது என்று சிவராசா முடிவுகட்டிவிட்டார். அதனால் ஆட்டத்தைப் பற்றிய கவலையும் போனது. அலுவிகாரை வந்ததும் தானாகவே எழும்பினார். இரக்கம் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். மஸூதாவுக்கு அந்த இருக்கையும் போனும் இரண்டும் வேண்டியிருந்தன, கொடுக்காவிட்டால் அவர் விடவில்லை. 'சிவராசா' என்ற பெயரில் அவர் ஆடி, பஸ்ஸின் நாலு பலகையையும் துவம்சம் செய்துகொண்டிருந்தார்.

ஐந்தாவது மாதம் கடிதம் வந்தது. சிவராசா அதை வீட்டில் பிரிக்கவில்லை. மறுநாள் பஸ்ஸில், அலுவிகாரை தாண்டியபின், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் பிரித்தார். வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். முகத்தைப் பார்த்தே றினோஸ் விளங்கிக்கொண்டான்.

"நம்மட பஸ்ஸுக்கு ஜேபி கிடைச்சிருச்சி!"

கைதட்டல் அடங்குவதற்குள் கைகள் பைகளுக்குள் போயின. அடையாள அட்டைக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ்க் கொப்பி, ஒரு காணி உறுதியின் மங்கிய கொப்பி என்று எல்லாப் பக்கமிருந்தும் கடதாசிகள் நீண்டன. மஸூதாவும் பொதிக்குள்ளிருந்து ஒன்றை இழுத்தெடுத்தார்.

"இதுல ஒரு சீல் குத்துங்க மகன். பாஸ்போட் எடுக்க."

"கடிதம் இப்பதானேம்மா வந்திருக்கு. சீல் இன்னும் செய்யல்ல," என்றார் புதிய நீதவான், கம்பியில் ஆடியபடி.

மஸூதா பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஹஸீபின் காயை வெட்டி, அவன் எழும்பும்வரை பார்த்திருந்து, அதன் பிறகு சொன்னார்.

"அப்ப நாளைக்கு வாங்க."