நட்டு கழற்றாத குழாய்

புதுச்சத்திரம் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் அங்கே போயிருந்தேன். ஓட்டை உடைசல்களை முற்றத்தில் குவித்திருந்தார்கள். கால் ஒடிந்த கட்டிலுக்கும் துருப்பிடித்த பேசினுக்கும் நடுவில் ஒரு செம்புக் குழாய்ச் சுருள் கிடந்தது. பச்சைக் களிம்பு ஏறி, பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முதலில் இரண்டு முனைகளையும் பார்த்தேன். இரண்டிலும் பித்தளை நட்டு இருந்தது. காவலுக்கு இருந்தவர் என்னைப் பழைய இரும்புக் கடைக்காரன் என்று நினைத்து, எடை போடத் தராசு இல்லையே என்றார்.

யுத்த காலத்தில் நான் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஓடிய ஒரு பஸ்ஸில் கண்டக்டர். கண்டக்டர் என்று பேர்தான், பாதி வேலை கரி அள்ளுவது. பெட்ரோல் தட்டுப்பாட்டில், பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்பு உருளையை மாட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். அணைந்த இன்ஜினைக் கிளப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெட்ரோல். மற்ற நேரமெல்லாம் கரியைப் பற்றவைக்கும் காற்றாடியைச் சுற்றிச் சுற்றி என் தோள்பட்டை கழன்றுவிடும். மேட்டில் வண்டி நின்றுவிட்டால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு தள்ளவும் சொல்கிறாயே என்று என்னைத்தான் திட்டுவார்கள். டிரைவர் அண்ணன் எதற்கும் வாய் திறக்கமாட்டார். ஆள் ஒல்லி, கை மட்டும் பெரியது. வருஷக்கணக்கில் அவரோடு ஒரே வண்டியில் ஓடியும், மனைவி மக்களோடு நாமக்கல்லில் குடியிருக்கிறார் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் ஜில்லாவில் அப்போது மதுவிலக்கு. சர்க்காரைவிட எங்கள் முதலாளிக்கு அதில் வேகம் அதிகம். வேலைக்குச் சேருகிறவனை நாமக்கல் ஆஞ்சநேயர் சன்னதிக்கு அழைத்துப் போய், சாராயம் குடித்ததில்லை, காய்ச்சியதில்லை, விற்றதில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்குவார். பொய் என்று தெரிந்தால் அன்றோடு வேலை போனது. நானும் சத்தியம் செய்தவன்தான். டிரைவர் அண்ணனும் செய்திருந்தார்.

அந்தக் கோடையில் புதுச்சத்திரத்தைச் சுற்றி வாந்திபேதி கண்டது. ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க ஓலைப்பாயில் ஆட்கள் கிடந்தார்கள். உப்பு நீரை நரம்பில் ஏற்றினால் பிழைப்பார்கள். ஆனால் அதற்குக் கிணற்றுத் தண்ணீர் உதவாது. கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து இறக்கிய சுத்தமான நீர் வேண்டும். அந்த நீரைப் பாட்டில் பாட்டிலாகச் சேலத்திலிருந்து எங்கள் பஸ்தான் கொண்டுவந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சேலத்திலேயே தீர்ந்துபோய், வெறுங்கூடையைத்தான் கொண்டுவந்து இறக்கினேன். ஆஸ்பத்திரியில் நீர் இறக்குகிற கண்ணாடிக் கருவி ஒன்று இருந்தது. அதன் குழாயும் விரிசல் விட்டிருந்தது. கையிருப்பு பொழுது சாயும்வரைதான் தாங்கும் என்றார் டாக்டர். செம்புக் குழாயைச் சுருளாக வளைத்துக் கண்ணாடிக்குப் பதிலாக வைக்கலாம், ஆனால் யுத்த காலத்தில் செம்புக்கு எங்கே போவது, கிடைத்தாலும் நசுங்காமல் வளைக்க யாரால் முடியும் என்று கம்பவுண்டர் கையைப் பிசைந்தார். அப்படிச் சுருள் வளைக்கத் தெரிந்தவர்கள் யார் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். சாராயம் காய்ச்சுகிறவர்கள்தான். கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்திருந்த ஏட்டையா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். யார் வாயைத் திறப்பார்கள்?

டிரைவர் அண்ணன் வராந்தாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்தார். வெளியே வந்தபோது கையில் எங்கள் வண்டியின் பெட்ரோல் குழாய் இருந்தது, செம்புக் குழாய். வண்டி இனிக் கிளம்பாது என்று நான் கத்தினேன். கரியை எடுத்து வா என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். தெருவிலேயே கரியைப் பரப்பி, குழாயைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் முக்கினார். விறைப்பாக இருந்த செம்பு அவர் கையில் வாழைநார் மாதிரி தொய்ந்தது. கடலை வறுக்கும் அம்மாவிடம் மணல் கேட்டார். வறுபட்டு வறுபட்டு ஈரமே இல்லாத மணல். வளைக்கும்போது நசுங்காமலிருக்க அதைக் குழாய்க்குள் ஊற்றி, விரலால் நெடுகத் தட்டித் தட்டி இறக்கி, முனைகளை வேப்பங்குச்சியால் அடைத்தார். பக்கத்து ஆசாரி பட்டறையில் கிடந்த, வண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டையான குடத்தை நிமிர்த்தி வைத்தார். மேலே போகப்போகக் கொஞ்சம் சிறுத்திருக்கும் கட்டை அது. சுருள் சிக்காமல் மேலே கழன்று வரும். குழாயின் ஒரு முனையை அதன் அடியில் அணைத்து, கட்டை விரலை எச்சில் தொட்டு வளைவில் வைத்து, கட்டையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். நிற்கவில்லை, இழுக்கவில்லை, குழாயைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று ஒரே இடைவெளியில் ஏறி உட்கார்ந்தது. ஒரு நெளிவு கிடையாது. அத்தனை அழகான வேலையை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்கு மெய் சிலிர்த்தது. இது புதிதாகச் செய்கிறவர் கை அல்ல என்று அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ஏட்டையா பக்கத்தில் வந்து, இதுவரைக்கும் எத்தனை வளைச்சிருப்பீங்க என்று மெதுவாகக் கேட்டார்.

"கணக்கு வெச்சுக்கலீங்க. தண்ணி எறங்கட்டும்ங்க ஏட்டையா, அப்பறம் நானே ஸ்டேஷனுக்கு வாரேன்."

நான் அவரைத் தனியே இழுத்து, பட்டறையில் கற்றுக்கொண்டது என்று சொல்லிவிடுங்கள் அண்ணா, முதலாளி காதுக்குப் போனால் பிழைப்பு போய்விடும் என்று கெஞ்சினேன்.

"கை பொய் சொல்லலியே சாமி. வாய் மட்டும் எதுக்குச் சொல்லோணும்?" என்றார்.

மணலைக் கொட்டிக் கழுவிய பிறகு, கொதிக்கும் பாத்திரத்தின் மூடியில் பொருத்த வாட்டமாக இல்லை என்று கம்பவுண்டர் முனைகளில் இருந்த நட்டுகளை வெட்டிவிடச் சொன்னார். டிரைவர் அண்ணன் அதற்குத்தான் பதறினார். "வெட்டிப்போடாதீங்க. கம்பெனிச் சாமானுங்க. நோவு அடங்குனதும் நிமித்தி வண்டியில மாட்டோணும்." ஆவி கசியாமலிருக்க நட்டோடு சேர்த்து மாவு பிசைந்து அப்பினார்கள். முதலில் இறங்கிய நீரை அண்ணனே முகர்ந்து பார்த்து, பெட்ரோல் வாடை போகும்வரை கொட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொட்டுச் சொட்டாகப் பாட்டில் நிறைந்தது. கண் குழிந்து, குரலே எழும்பாமல் கிடந்த ஒரு நெசவுக்காரப் பெண்ணுக்கு முதலில் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் தன் பிள்ளை எங்கே என்று கேட்டாள். டிரைவர் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நோய் அடங்கியதும் சொன்னபடியே ஸ்டேஷனுக்குப் போனார். ஏட்டையா, "ஊசித் தண்ணி எறக்குனதத்தான் நான் பாத்தனுங்க. ஊட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார். அங்கிருந்து நேராக முதலாளியிடம் போய், சத்தியத்தில் பொய் சொன்னேன் என்று இவரே சொன்னார். முதலாளி முழுக்கக் கேட்டார். பிறகு, முன்னால் செருகிச் சுற்றி வண்டி கிளப்பும் கம்பிக்காகக் கையை நீட்டினார். இவர் கொடுத்துவிட்டு வந்தார். முதலாளி நல்லவர், கோயில் குளம் என்று நிறையச் செய்தவர். ஆனாலும் அந்தக் கையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பஸ்ஸுக்கு வேறு குழாய் போட்டார்கள். சுருளை டாக்டர் தரவில்லை. அண்ணன் குடும்பத்தோடு ஓமலூர் பக்கம் போய் மாட்டுவண்டியில் கல் ஏற்றுவதாகக் கேள்விப்பட்டேன். அப்புறம் தகவல் இல்லை.

கம்பெனிச் சாமான் என்று அவர் பதறியதை ரொம்ப நாள் நேர்மை என்றே நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரி முற்றத்தில் உட்கார்ந்து அந்த நட்டைத் திருகிப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஸ்டேஷனுக்கு வருவதாக ஏட்டையாவிடம் சொன்ன பிறகும், வேலை தன்னிடம்தான் இருக்கும், அந்தக் குழாயை மறுபடி மாட்டப் போவது தான்தான் என்று அவர் நினைத்திருக்கிறார். களிம்பில் இறுகிக் கிடந்த நட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திருகத் திருக அசைந்து, பிறகு லேசாகச் சுற்றியது. இன்றைக்கும் மாட்டலாம். வண்டிதான் இல்லை, அவரும் இல்லை.